மயக்க மருந்து டொக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்

மட்டக்களப்பில் தியேட்டர் நேர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தும் மயக்கம் கொடுத்த விதத்தில் மனம் நொந்து போனவர்களைக் கண்டிருக்கிறேன். அனேகமாக, ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டொக்டரோடு நடக்க வேண்டிய பேச்சு நடக்காததுதான் காரணம்.

மயக்க மருந்து டொக்டர் கட்டிலடிக்கு வரும்போது "ஓம், ஓம்" என்று தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். அவர் சிங்களத்தில் பேசினால், தமிழ் தெரிந்த நேர்ஸைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் கொப்பியும் குளிசைகளும் கையில் இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கிற குளிசை, இன்சுலின் இரண்டையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரிடமே கேளுங்கள்.

வாயைத் திறக்கச் சொல்வார். கன காலம் வெற்றிலை பாக்குப் போட்ட எங்கள் பெத்தாமார் சிலருக்குக் கன்னம் இறுகி, இரண்டு விரல்கூட உள்ளே போகாது. முழு மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் வைக்க வேண்டி வரும். வாய் திறக்காது என்று முன்னமே தெரிந்தால் வேறு வழி ஆயத்தம் செய்வார்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆடுகிற பல், கட்டுப்பல் இருந்தாலும் சொல்லுங்கள்.

பதுளை பஸ்ஸில் ஏறினால் சத்தி வருகிற ஆளா? அதையும் சொல்லுங்கள். அப்படியானவர்களுக்கு மயக்கம் தெளிந்த பிறகும் சத்தி வரக்கூடும், தடுக்க மருந்து இருக்கிறது.

ஒப்பரேஷனுக்கு முன், சாப்பாடு, பால் தேத்தண்ணியை 6 மணித்தியாலம், வெறும் தண்ணியை 2 மணித்தியாலம் நிறுத்த வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வாட்டில் சொல்கிற நேரத்தையே பிடியுங்கள். ஒப்பரேஷன் பிந்தினால், தண்ணி குடிக்கலாமா என்று கேளுங்கள். பேசாமல் காய்ந்து கிடக்க வேண்டாம்.

முழு மயக்கம் இல்லாமல், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி என்றால், தலையணையைக் கட்டிப்பிடித்து, நாடி (மோவாய்) நெஞ்சில் படக் கூனி இருங்கள். அப்போதுதான் எலும்புகளின் இடைவெளி விரியும், ஊசி லேசாகப் போகும். கால் சூடாகிப் பாரமாகும். தொடுவதும் இழுப்பதும் தெரியும், ஆனால் நோகக் கூடாது. நொந்தால் அந்த நிமிசமே சொல்லுங்கள். தலைமாட்டில் டொக்டர் நிற்பதே அதற்காகத்தான். உடம்பு நடுங்கினால் போர்வை கேளுங்கள்.

முதுகு ஊசிக்குப் பிறகு, எழும்பி இருந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலையிடி வந்தால், வீட்டுக்குப் போன பிறகென்றாலும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். வைத்தியம் இருக்கிறது.

நோவு 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்டால் பொறுமைசாலியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். நோவுக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். "இரும ஏலாமல் நோகுது" என்றே சொல்லுங்கள், மருந்தைக் கூட்டித் தருவார்கள்.