பிள்ளை சொன்னது மறந்துபோகும் முன்: மழலைக் குறிப்பேடு எழுதுவது எப்படி?

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் ஒரு குழந்தை பேசுகிற பேச்சு அப்புறம் திரும்பி வருவதே இல்லை. இன்றைக்கு ‘கத்தாளி’ என்கிற பிள்ளை, நாலு மாதம் போனால் ‘தக்காளி’ என்று தெளிவாகச் சொல்லிவிடும். என்றைக்கு மாறியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கும் நினைவிருக்காது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்த எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. உளவியலில் இதற்குக் குழந்தைப்பருவ மறதி என்றே பெயர். ஆகவே அந்த வருடங்களை நாம்தான் எழுதி வைத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். போனில் ஆயிரம் போட்டோ இருக்கிறதே என்பீர்கள். போட்டோவில் முகம் இருக்கும், பேச்சு இருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எங்கள் வீட்டு முறையை வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், அம்மா வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். உதாரணங்களும் இந்த இரண்டு ஊரிலிருந்துதான் வரும்.

1. முதலில் நோட்டு

கெட்டி அட்டை போட்ட, கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். தேதி அச்சடித்த டைரி வேண்டாம். எழுதாத பக்கங்கள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தே மனம் விட்டுப்போகும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஈரம் பட்டால் ஊறிவிடும். நோட்டை பீரோவில் பூட்டி வைக்காமல், ஃபிரிட்ஜ் மேலேயோ சமையலறை அலமாரியிலோ கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள். பேனாவையும் அதிலேயே கட்டிவிடுங்கள்.

2. அந்த நிமிஷமே பிடியுங்கள்

குழந்தை சொன்ன வாக்கியம் ஒரு மணி நேரத்தில் நம் வாக்கியமாகிவிடும். நம்மை அறியாமலே சொல்லைத் திருத்தி, வரிசையை மாற்றி, நல்ல தமிழில் நினைவில் வைத்துக்கொள்வோம். வெளியில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே ஒரு வரி அனுப்பிக்கொள்ளுங்கள், அல்லது ஐந்து நொடி வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். பிள்ளை தூங்கியதும் அன்று ராத்திரியே நோட்டில் ஏற்றிவிட வேண்டும்.

3. எப்படி எழுதுவது

இதுதான் முக்கியமான படி. பலர் இப்படி எழுதுகிறார்கள்:

“பாப்பா இன்று பீச்சில் கடலைப் பற்றி வேடிக்கையாக ஒரு கேள்வி கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.”

ஐந்து வருடம் கழித்து இதைப் படித்தால் என்ன கேட்டாள் என்பதே தெரியாது. அதே சாயங்காலத்தை எங்கள் நோட்டில் எழுதியிருப்பது இது:

“மார்ச் 9, 2025, ஞாயிறு. 3 வயது 4 மாதம். புதுச்சேரி பீச் ரோடு, காந்தி சிலை பக்கம். தாத்தா மடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அலையையே பார்த்தாள். ‘கடலு ஏன் தாத்தா வந்துட்டு வந்துட்டு போயிடுது? எதாச்சும் மயந்துட்டு வந்துச்சா?’ தாத்தா: ‘ஆமாண்டா செல்லம், குடையை மறந்துட்டு வந்திருக்கும்.’ வீடு வரைக்கும் கடலோட குடை என்ன கலர் என்றே பேச்சு.”

தேதி, வயது, இடம், யார் மடி, எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன சொன்னாள், பெரியவர் என்ன பதில் சொன்னார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வயதை வருடத்தோடு மாதமும் சேர்த்து எழுதுங்கள். இந்த வயதில் இரண்டு மாதத்தில் பேச்சே வேறாகிவிடும். சார்லஸ் டார்வின் தன் மூத்த மகன் வளர்வதை இப்படித்தான் குறிப்பெடுத்து வைத்தார். மகன் சரியாக ஒரு வயதில் சாப்பாட்டுக்குத் தானாகவே ஒரு சொல் உண்டாக்கிக்கொண்டது வரை அதில் உண்டு. குழந்தை பிறந்தது 1839 டிசம்பரில், அந்தக் குறிப்புகளை வைத்து டார்வின் கட்டுரை வெளியிட்டது 1877-இல். அத்தனை வருடம் கழித்தும் அவரால் மாதக்கணக்கோடு எழுத முடிந்தது, அன்றன்றே எழுதி வைத்ததால்தான்.

காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ‘ர’ பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். ‘குருவி’ ‘குயிவி’ ஆகும், ‘மறந்துட்டு’ ‘மயந்துட்டு’ ஆகும். ஓரத்தில் சரியான சொல்லைச் சின்னதாகக் குறித்துவிட்டால் பின்னால் படிப்பவருக்குப் புரியும். நேற்றும் நாளையும் குழம்புவதை அப்படியே விடுங்கள்: ‘நாளைக்கு சில்வர் பீச் போனோம்ல, அங்க ஒரு நாய் என்னைப் பாத்துச்சு.’ நம் பேச்சு வழக்கைப் பிள்ளைகள் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதைக் கட்டாயம் எழுதுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ‘தூக்கம் வரல’ என்று பெரியவன் சொன்னான். ‘வரும், கண்ணை மூடு’ என்றேன். ‘எந்த பஸ்ல வரும்?’ என்று கேட்டான். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு மதியம் போய், நடை சாத்தியிருந்ததைப் பார்த்தபோது ‘சாமி சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாரா?’ என்றான். புதுச்சேரி போலீஸ்காரர்களின் உயரமான சிவப்புத் தொப்பியை முதன்முதலில் பார்த்த சின்னவள், ‘அந்த மாமா ஏன் பக்கெட்டைத் தலைல கவுத்திருக்காங்க?’ என்று நடுத்தெருவில் சத்தமாகக் கேட்டாள்.

எதையும் ‘எவ்வளவு அழகு!’ என்று விளக்கி முடிக்காதீர்கள். பிள்ளை சொன்னதே போதும்.

4. பேச்சு வராத குழந்தைக்கு என்ன எழுதுவது?

செய்வதை எழுதுங்கள். போனில் பாட்டி ‘சாப்பிட்டியா?’ என்று கேட்க, பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவது. இரண்டு கையால் கண்ணை மூடிக்கொண்டு, தன்னை யாரும் பார்க்க முடியாது என்று நடுக்கூடத்தில் நிற்பது.

எதைக் கவனிப்பது என்று தெரியாவிட்டால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, முத்தம், தளர்நடை போட்டு வரும் வருகை, நிலாவைக் கூப்பிடும் அம்புலி. அதற்கு அப்புறம் ஆண்பிள்ளைக்கு மணல்வீட்டைக் கலைக்கும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் வரும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அக்காமார் கட்டிய மணல்வீட்டை ஒரு பொடியன் மிதித்துவிட்டு ஓடினால் அது சிற்றில்தான். நோட்டில் இந்தத் தலைப்புகளையே போட்டு வைத்தால், எது எப்போது வந்தது என்று நிரப்ப எளிதாக இருக்கும்.

இந்தத் தேதிகள் வேறொன்றுக்கும் உதவும். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

5. பிள்ளையை வித்தை காட்டச் சொல்லாதீர்கள்

‘மாமாகிட்ட கத்தாளி சொல்லிக் காட்டு’ என்று நாலு பேர் முன்னால் நிறுத்தினால், முதல் தடவை சிரிக்கும், அடுத்த தடவை அம்மா முந்தானைக்குள் முகத்தைப் புதைக்கும். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். அது தவறாகச் சொல்வதை நாமும் திருப்பிச் சொல்லிக் கொஞ்ச வேண்டாம். ‘கத்தாளி வேணும்’ என்றால் ‘தக்காளி வேணுமா? இந்தா தக்காளி’ என்று கொடுங்கள். திருத்தின மாதிரியும் இருக்காது, சரியான சொல்லும் காதில் விழும். எழுதுவதையும் பிள்ளை எதிரில் செய்யாமல் இருப்பது நல்லது.

6. குரல்

மாதம் ஒரு தடவை ஒரு நிமிஷம் ஒலிப்பதிவு எடுங்கள். கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினால் பேச்சு நின்றுவிடும். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு எப்போதும் போல கதை பேசுங்கள். கோப்புக்குத் தேதியும் வயதும் பெயராகக் கொடுங்கள்.

7. கடலோர ஊரில் பத்திரப்படுத்துவது

நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2015-இல் கடலூரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தெருவெல்லாம் தண்ணீர். பரண் மேல் இருந்த ஆல்பம் தப்பும், கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருந்தது தப்பாது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே நோட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான தட்டில் வைத்துவிடுங்கள். புயல் இல்லாவிட்டாலும் உப்புக் காற்றின் ஈரத்தில் தாள் பூசணம் பிடிக்கும். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே இருக்கட்டும். எழுதிய பக்கங்களை மாதாமாதம் போட்டோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் அக்காவுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள்.

8. யாருக்குக் காட்டலாம்?

வீட்டு ஆட்களுக்குத் தாராளமாக. ஊருக்குப் பொதுவாகப் போடுவதாக இருந்தால் பெயர், பள்ளிச் சீருடை, வீடு இருக்கும் தெரு, குளிக்கிற படம் எதுவும் வேண்டாம். பாத்ரூம் சமாச்சாரங்கள் நோட்டோடு நிற்கட்டும். விவரம் தெரிந்த வயதில் பிள்ளையையே கேளுங்கள். ‘வேணாம்’ என்றால் வேண்டாம்தான்.

9. மற்றவர்களையும் எழுத விடுங்கள்

வேலைக்குப் போகிற அம்மா, அப்பாவைவிடப் பகலில் பாட்டியிடம்தான் பிள்ளை அதிகம் பேசும். எங்கள் அத்தை எழுதிய பக்கங்களில் அவர் பேசுகிற தமிழே இருக்கிறது. எழுதத் தயங்கும் தாத்தாக்களிடம் சாயங்காலம் காபி கொடுத்துவிட்டுக் கேட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ‘தாத்தா சொன்னது’ என்று குறிப்பிட்டு.

இரண்டாவது பிள்ளைக்குத் தனி நோட்டு போடுங்கள். பெரியவனின் நோட்டில் கடைசிப் பக்கங்கள் மிச்சம் இருக்கிறதே என்று அதில் தொடர வேண்டாம். இரண்டும் சேர்ந்து அடிக்கிற கூத்தை ஒரு நோட்டில் முழுதாக எழுதிவிட்டு, இன்னொன்றில் தேதியை மட்டும் குறித்தால் போதும்.