கட்டம் நிரம்பினால் போதாது: சங்கேதக் குறுக்கெழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலையில் கொறிப்பது சமுத்திரத்தையா? (3)

இந்தக் குறிப்புக்கு நான் முதலில் எழுதிய விடை ‘தட்டை’. மாலையில் கொறிப்பதுதான், மூன்று எழுத்துதான். சமுத்திரம் எதற்கு வந்தது என்று மனம் உறுத்தியது. கடற்கரையில் விற்பார்கள், அதனால் இருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் கட்டத்தில் ‘த’ ஏறி உட்கார்ந்துவிட்டதால், அங்கிருந்து கீழே இறங்க வேண்டிய ‘கவலை’ கடைசிவரை பிடிபடவில்லை.

சமுத்திரம் என்றால் கடல். சமுத்திரத்தை என்றால்? கடலை!

அன்று நான் செய்த தவறைத்தான் புதிதாக வருகிற எல்லோரும் செய்கிறார்கள். குறிப்பில் ஒரு சொல் மிச்சமிருக்கும்போதே விடையை எழுதிவிடுகிறோம். சங்கேதக் குறிப்புக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். அது பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். மற்றது அதே விடையை எழுத்துகளைக் கொண்டு கட்டிக்காட்டும் சொல்விளையாட்டு. இங்கிலாந்தில் ஜிமெனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மெக்நட், இவ்விரண்டையும் தவிர வேறெதுவும் குறிப்பில் இருக்கக் கூடாது என்பதை நெறியாகவே வைத்திருந்தார். ஆகவே ஒரு சொல் வீணாக நிற்பதுபோல் தோன்றினால், நம் விடை தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதிர் அமைத்தவரைக் குறை சொல்லுமுன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழில் சொல் மட்டுமல்ல, சொல்லின் வாலும் பேசும். ‘சமுத்திரம்’ என்று மட்டும் படித்தவர் கடலோடு நின்றுவிடுவார். ‘ஐ’ உருபையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் கடலை கிடைக்கும். பாலை, வேலை, மாலை என்று இப்படி இரட்டை வேடம் போடும் சொற்கள் நம்மிடம் ஏராளம். காளமேகப் புலவரின் சிலேடையை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புது வித்தையே அல்ல. இருந்தும் உருபைக் கண் தாண்டிப் போய்விடுகிறது, அன்றாடம் வாக்கியத்தை அப்படித்தானே வாசித்துப் பழகியிருக்கிறோம்!

வாக்கியமாக வாசிப்பது இன்னொரு பள்ளத்திலும் தள்ளும். “நகல் விநியோகத்தின் இடையே கிடைத்த படிப்பு (3)” என்ற குறிப்பைப் பாருங்கள். படித்ததும் ஜெராக்ஸ் கடையும் தேர்வுக்கால வகுப்பறையும் கண்முன் வரும். ‘கல்வி’ என்று சரியாகவே எழுதிவிட்டு, “பள்ளியில் நகல் தாள்களைக் கொடுத்துப் பாடம் நடத்துவார்கள், அதனால் கல்வி” என்று விளக்கம் சொன்னவரை எனக்குத் தெரியும். விடை சரி, விளக்கம் முழுத் தவறு. ‘நகல் விநியோகம்’ என்பதை இடைவெளி இல்லாமல் எழுதிப் பாருங்கள்: நகல்விநியோகம். உள்ளே கல்வி அப்படியே ஒளிந்திருக்கிறது. ‘இடையே’ என்பது அதைச் சுட்டும் சொல். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திர கவிகளில், அதாவது எழுத்துகளை வைத்து விளையாடும் செய்யுள் வகைகளில், கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் மறைந்திருக்கும். எழுத்தை நீக்கி நீக்கி வேறு சொல் காணும் அக்கரச்சுதகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் முன்னோர் ஆடிய ஆட்டத்தைத்தான் நாம் கட்டத்துக்குள் ஆடுகிறோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

எழுத்து என்றால் எது என்பதில் வரும் குழப்பம் அடுத்தது. ஆங்கிலப் புதிர்களில் பழகிவிட்டுத் தமிழுக்கு வருபவர்கள் இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

கை வாட மாற்றி மாற்றி வீட்டுக்காரருக்குத் தருவது (3)

‘மாற்றி மாற்றி’ என்றால் எழுத்துகளைக் கலைத்துப் போட வேண்டும். கை, வா, ட என்ற மூன்றையும் இடம் மாற்றினால் வாடகை. இதில் ‘வா’ என்பது ஓர் எழுத்து. அதன் துணைக்காலைப் பிடுங்கிக் ககரத்துக்குக் கொடுத்து ‘கா’ ஆக்க முடியாது. உயிர்மெய்யை உடைக்கலாம் என்று குறிப்பே சொன்னாலொழிய அது உடையாது. புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம் உண்டு. ‘தட்டை’ மூன்று எழுத்து, ‘சுண்டல்’ நான்கு. குறிப்பில் ‘கை வாடக் கலைத்து’ என்று இருந்திருந்தால் இடையில் வரும் ‘க்’ இரு சொற்கள் சேர்வதால் வந்த ஒற்று. அடைப்புக்குள் 3 என்று இருப்பதால் அது கணக்கில் சேராது. இதே தெளிவு கட்டத்தைச் சரிபார்க்கவும் உதவும். ஒரு சொல்லின் முதல் கட்டத்தில் ‘ட்’ அல்லது ‘ல்’ வந்து விழுந்தால், குறுக்கே போகும் விடையை உடனே அழித்துவிடுங்கள். மெய்யில் தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை.

கலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பிலேயே கண்ணுக்குத் தெரியவேண்டும். ‘கை’ இருக்கும் இடத்தில் ‘கரம்’ என்று எழுதிவிட்டு, முதலில் அதைக் கையாக மாற்று, பிறகு கலை என்று கேட்பது நியாயமான புதிர் ஆகாது. தலையை வெட்டும் குறிப்புகளில் அந்தச் சலுகை உண்டு. “தலையிழந்த பரி மேடையை மறைப்பது (2)” என்றால் பரியைக் குதிரையாக்கி, ‘கு’ போய்த் திரை.

சின்னச் சொற்களை அலட்சியப்படுத்தாதீர்கள். ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்கிறது நன்னூல். அவை புதிர் அமைப்பவர்களின் அஞ்சறைப் பெட்டி. ‘மா’ மாமரமாகவும் வரும், குதிரையாகவும் வரும், இருபதில் ஒரு பங்காகவும் வரும். அகராதியைப் புரட்டுவது தோல்வி என்று நினைத்துச் சிலர் தவிர்க்கிறார்கள். எனக்கு அது ஆட்டத்தின் பாதி இன்பம்.

விளக்கம் எழுதுவதற்கு வருவோம். குறுக்கே வந்த எழுத்துகளை வைத்து விடையை ஊகிப்பதில் தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். ஊகித்த விடைக்கு ஏற்றபடி காரணத்தை வளைத்து ஒட்டவைப்பதுதான் தவறு. காரணம் பிடிபடாவிட்டால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்து, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள். விளங்கியவற்றைச் சுருக்கமாக, குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு வரும்படி எழுதுங்கள். “பசுவின் பின் மசி, மெல்ல நகரும் பிராணி (2)” என்பதற்கு என் நோட்டில் இப்படி இருக்கிறது: பசு = ஆ; மசி = மை; ‘பின்’ என்றதால் மை இரண்டாவதாக வரும்; ஆமை, மெல்ல நகரும் பிராணி.