குறைந்த பட்ஜெட் க்ரைம் படம்: பாத்திரங்கள் கோட்டைவிடப்படும் இடங்கள்

இருட்டுச் சந்து, ஆடும் கேமரா, ரத்தக்கறைச் சட்டை எல்லாம் கச்சிதமாக அமைந்துவிடுகின்றன. ஆனால் நாயகன் குத்துப்பட்டு விழும்போது பார்ப்பவருக்கு நெஞ்சு பதறுவதில்லை. விழுந்தவன் யாரென்றே தெரியாதபோது எப்படிப் பதறும்? இதற்குப் பணத்தட்டுப்பாட்டைக் காரணம் சொல்வதுதான் முதல் தவறு. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் ‘ஃபாலோயிங்’ (1998) சுமார் 6,000 டாலரில், வார இறுதிகளில் எடுக்கப்பட்டது. பிலிம் வீணாகக் கூடாதென்று நிறைய ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். இன்று டிஜிட்டலில் எத்தனை டேக் வேண்டுமானாலும் போகலாம் என்பதால் ஒத்திகையையே பலர் விட்டுவிடுகிறார்கள். நடிகர் பாத்திரத்தைப் புரிந்துகொள்ளும் இடமே அதுதான்.

அடுத்தது, ஃபிளாஷ்பேக்கை நம்புவது. சிறுவயதில் அப்பா அடித்தார் என்று இரண்டு நிமிடம் காட்டிவிட்டால் பாத்திரம் உருவாகிவிடாது. இப்போது அவனுக்கு என்ன வேண்டும், எதைச் செய்யவே மாட்டான் என்பதுதான் முக்கியம். கொள்ளையடித்த பணத்தை நாலு பேர் பிரிக்கும் சீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் தன் பங்கை இரண்டு தடவை எண்ணுகிறான். இன்னொருவன் எண்ணாமலே பைக்குள் திணிக்கிறான். மூன்றாமவன், செத்துப்போன கூட்டாளியின் மனைவிக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொல்கிறான். நாலாமவன் வாயே திறக்கவில்லை. ஒரே அறை, ஒரு மேஜை. நாளைக்கு யார் யாரைக் காட்டிக்கொடுப்பான் என்ற பயம் அங்கேயே பிறந்துவிடுகிறது.

எல்லோரும் ஒரே மாதிரி கெட்ட வார்த்தையில் பேசுவதும் பெரிய குறை. பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். பேசுவது யாரென்று பிடிபடவில்லை என்றால் திருத்தி எழுதுங்கள்.

பழிவாங்கும் கதைக்குச் சாக்காக மட்டும் பெண் பாத்திரத்தைக் கொன்றுபோடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

வன்முறையிலும் இதே அலட்சியம்தான். கையில் வெட்டு வாங்கியவன் அடுத்த சீனிலேயே சாதாரணமாகச் சிகரெட் பற்றவைக்கிறான். அந்தக் கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவன் திணறட்டும். வலி அப்போதுதான் நமக்கும் தெரியும். எடிட்டிங்கில் வேகம் வேண்டுமென்று முதலில் வெட்டப்படுவதும் இப்படிப்பட்ட ஷாட்கள்தான். நீளத்தைக் குறைக்கவேண்டி வந்தால் துரத்தல் காட்சியில் கைவையுங்கள்.