எண்ணிக்கையும் எடையும் சேர்ந்தே ஏமாற்றும்: லென்சிங் தேர்வுச் சாய்வைக் கணக்கிடுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை வரிசைக்கு நேராக நின்று பார்த்தால் மரமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்து ஒரே காடாகத் தெரியும், இரண்டடி தள்ளி நின்றால் நடுவில் இருக்கும் வெட்டவெளி தெரிந்துவிடும். கேலக்சிக் கொத்துகளை (ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கேலக்சிக் கூட்டங்களை) வானப் படங்களில் தேடும் ரெட்மேப்பர் நிரலுக்கு அப்படித் தள்ளி நிற்க வழியில்லை. சிவப்புக் கேலக்சிகளை எண்ணித்தான் அது ஒரு கொத்தை மதிப்பிடுகிறது (அந்த எண்தான் ரிச்னஸ்). நிறத்தை வைத்துச் சொல்லும் தூரம் துல்லியமாக இருக்காது என்பதால் முன்னும் பின்னும் கிடப்பவையும் கணக்கில் ஏறிவிடும்.

சரி, எடையை லென்சிங்கில் (பின்னால் இருக்கும் கேலக்சிகளின் ஒளியைக் கொத்தின் ஈர்ப்பு வளைப்பதை அளந்து) பார்த்துக்கொள்ளலாமே என்றால், அதே பார்வைக்கோட்டில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் லென்சிங்கையும் கூட்டுகிறது. எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்ததாலேயே லென்சிங்கும் கூடித் தெரியும் இந்தப் பிழைதான் தேர்வுச் சாய்வு. 2020-இல் டார்க் எனர்ஜி சர்வே என்ற வான ஆய்வின் முதலாண்டுத் தரவின் கொத்துகளை வைத்துக் கணக்கிட்டபோது பிரபஞ்சத்தின் பொருள் அடர்த்தி (மொத்தத்தில் பொருளின் பங்கு) 0.18 அளவில் வந்தது, மற்ற வழிகளில் 0.3-ஐ ஒட்டி வருவது. ரிச்னஸ் குறைந்த கொத்துகளின் லென்சிங் எடைமீதுதான் அவர்களுக்கே சந்தேகம்.

இந்தச் சாய்வை நாமே கணக்கிட, அபாகஸ்சம்மிட் மாதிரி இலவசப் பிரபஞ்ச சிமுலேஷனில் ஒரு துண்டை மட்டும் இறக்குங்கள், முழுசாக எடுத்தால் மடிக்கணினி படுத்துவிடும். ஹேலோக்களில் (கரும்பொருள் திரண்ட கட்டிகளில்) கேலக்சிகளை நிரப்பி, ஒவ்வொரு ஹேலோவையும் சுற்றிப் பார்வைக்கோடு நெடுக ஓர் உருளைக்குள் கேலக்சிகளை எண்ணுங்கள், அதுதான் இங்கே ரிச்னஸ். உருளையின் நீளம்தான் முக்கியம், பாதி நீளத்தை 30, 60 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சாயங்காலம் இடி இடித்தால் மின்சாரம் போகும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்தையும் உடனே சேமித்துவிடுங்கள்.

அப்புறம் ரிச்னஸ் 20-க்கு மேற்பட்டவற்றின் சராசரி லென்சிங் வரைவை (மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக லென்சிங் எவ்வளவு என்ற வளைவை) எடுங்கள். இதை எல்லா ஹேலோக்களோடும் ஒப்பிட்டால் வேலை கெட்டது. சின்ன ஹேலோக்கள் பெரியவற்றைவிட மிக அதிகம், ஒரே நிறைக்கும் ரிச்னஸ் கூடிக் குறையும் சிதறலில் அவை 20-ஐத் தாண்டி ஏறி வருவது வேறு பிரச்சினை. தேர்வான ஒவ்வொன்றுக்கும் அதே நிறையுள்ள வேறொன்றை, ரிச்னஸைப் பார்க்காமல், குலுக்கல் முறையில் எடுத்து அவற்றின் சராசரியால் வகுங்கள். அந்த விகிதம்தான் சாய்வு. மையத்தருகே பெரும்பாலும் 1-ஐ ஒட்டியிருந்து, கொத்தின் சொந்தப் பொருள் முடிந்து சுற்றுப்புறம் தொடங்கும் 1 மெகாபார்செக் வாக்கில் அது ஏறும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் நிறைப் பொருத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே நிறையுள்ள ஹேலோக்களுக்குள் ரிச்னஸை மட்டும் கலைத்துப்போட்டு மறுபடி ஓட்டுங்கள், விகிதம் 1-க்குத் திரும்பாவிட்டால் நிரலில் எங்கோ பிழை.

கிடைத்த வளைவை அப்படியே வைத்துத் தரவை வகுக்காதீர்கள். உருளையின் உண்மையான நீளம் யாருக்கும் தெரியாது, வளைவின் உயரத்தை ஒரு மாறியாக விட்டுப் பொருத்துவதே நல்லது. எக்ஸ்ரேயில் தேர்ந்த கொத்துகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், சூடான வாயு இந்தப் பார்வைக்கோட்டுத் தொல்லையில் அவ்வளவாக மாட்டுவதில்லை.