ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: ஆன் செய்வதற்கு முன்னால்

பரணிலிருந்து இறக்கியதோ, ஏலத்தில் எடுத்ததோ, பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை பிளக்கைச் செருகுவதுதான். விற்பவரும் "நல்லா ஓடுது சார், போட்டுப் பாருங்க" என்பார். மெஷினும் டேப்பும் கெடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்.

சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் ரீவாக்ஸ் ஏ77-ஐ எடுத்துக்கொள்வோம். 1967-ல் வந்த சுவிஸ் மெஷின். அதன் மெயின்ஸ் பக்கத்துக் காகிதக் கெப்பாசிட்டர்களின் உறையில் வயதானால் மயிரிழை விரிசல் விழும். ஈரம் உள்ளே இறங்கும். கரண்ட் கொடுத்தால் சில சமயம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பட்'டென்று வெடித்து, நாற்றமும் புகையுமாக அறையை நிறைத்துவிடும். அந்தக் கெப்பாசிட்டரின் விலை சொற்பம். மாற்றிவிட்டு, வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்றும் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது வோல்டேஜைத்தான் குறைக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. மோட்டார் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தே அமையும் மெஷின்களில் டேப் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும்! 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியோ, டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டுக்கான உறையோ கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். ஏ77-க்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கேப்ஸ்டன் மோட்டாரை எலெக்ட்ரானிக் சர்க்யூட் கட்டுப்படுத்துகிறது.

சரி, மெஷின் தேறிவிட்டது. டேப்?

என்னைக் கேட்டால் மெஷினைவிட டேப்தான் முக்கியம். மெஷினுக்கு உதிரிபாகம் கிடைக்கும்; ஒரு வீட்டுக் கல்யாணக் கச்சேரியின் ஒரே பதிவு போனால் போனதுதான். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற டேப்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கீச்சென்று கத்தும், டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு நிற அழுக்கு அப்பும். அந்த அழுக்கில்தான் உங்கள் பாட்டு இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சீராகச் சூடாக்கினால் சில வாரங்களுக்குத் தேறும். அதற்குள் காப்பி எடுத்துவிட வேண்டும். சமையலறை ஓவன் இதற்கு ஆகாது, அதன் சூடு ஏறி இறங்கும்.

அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அறுபதுகளின் டேப்பை மட்டும் சூடாக்கவே கூடாது, பாழாகிவிடும். ஸ்பூலை விளக்குக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுற்றுகளின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அசிடேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். காடி வாடை அடித்தாலும் அசிடேட்தான், அதுவும் சிதைய ஆரம்பித்துவிட்டது.

ஹெட்டில் சேரும் காந்தத்தை நீக்கும் கருவியான டீமேக்னடைசரிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹெட் அருகில் வைத்துக்கொண்டே அதை ஆஃப் செய்தால் காந்தம் போகாது, ஏறும். மெஷினை அணைத்துவிட்டு, டீமேக்னடைசரைத் தள்ளி வைத்து ஆன் செய்து, மெல்லக் கொண்டுவந்து, மெல்ல விலக்கி, ஒரு கை தூரம் போனபின் ஆஃப் செய்யுங்கள். அப்புறம், ஏ77-ல் ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஓடும்போது நேராக பிளே அழுத்தாதீர்கள். ஸ்டாப் போட்டு, ரீல் முழுக்க நின்றபின் அழுத்துங்கள். இல்லையென்றால் டேப் இழுபடும்.

கேட்டு முடித்ததும் ரீவைண்ட் செய்து வைப்பது கேசட் காலத்துப் பழக்கம். ஸ்பூலுக்கு அது வேண்டாம். பிளே வேகத்தில் ஓடி முடிந்தபடியே, டேப்பின் வால் வெளியே இருக்க, பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சுற்று சீராக இருக்கும். ஒரு சுற்றின் ஒலி அடுத்ததில் படிந்தாலும் பாட்டுக்குப் பின்னால் வருவதால் காதில் அவ்வளவாக விழாது.