குளத்தில் யாரும் இறங்காத நேரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக்கு வாடகைக்குக் கிடைக்கும் பங்களாக்கள் பலவற்றில் நீச்சல் குளம் உண்டு. அதைச் சுற்றி வேலி இருப்பதுதான் அபூர்வம். கேட்டால், "வேலி போட்டால் அழகு போய்விடும்" என்பார்கள். ஓடுகளின் நிறத்துக்கு மெனக்கெட்டவர்கள், வரவேற்பறைக் கதவைத் திறந்தால் நேரே தண்ணீர் என்பதை யோசிப்பதில்லை.

குழந்தைகளைக் குளிக்கும்போது பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைப்பதே முதல் தவறு. அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா மாநிலங்களில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டு நீச்சல் குளங்களில் மூழ்கிய விபத்துகளை அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தது. அவர்களில் 69 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குளத்தருகே இருப்பார்கள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. 77 சதவீதம் பேர் கண்ணில் படாமல் போனது 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான். அம்மா துணி மடிக்கும் நேரம், அப்பா வாசலில் யாருடனோ பேசும் நேரம்.

அதனால்தான் வேலி. வீட்டுச் சுற்றுச்சுவர் வேலியாகாது. அது தெருக் குழந்தையைத் தடுக்கும், வீட்டுக் குழந்தையைத் தடுக்காது. குளத்தின் நான்கு பக்கமும் தனி வேலி வேண்டும். ஆஸ்திரேலியாவில் இது சட்டம்: பொதுவாகக் குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கதவு தானாகச் சாத்திக்கொண்டு தாழ்விழ வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, போய்வர வசதியாக அந்தக் கதவுக்குச் செங்கல்லை முட்டுக்கொடுக்கிறவர்களும், வேலியோரம் நாற்காலி போடுகிறவர்களும் உண்டு. ஏறிக் குதிக்க அந்த நாற்காலி போதும்.

அடுத்தது, "இத்தனை பேர் இருக்கிறோமே" என்ற தைரியம். பிறந்தநாள் விழாவில் குளத்தைச் சுற்றிப் பத்துப் பெரியவர்கள் நின்றால், ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டும் என்பதும் தவறான நம்பிக்கை. மூச்சுக்கே காற்றில்லாதபோது கூப்பிட முடியாது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். ஒருவரைக் குறிப்பிட்டு நியமியுங்கள். அவர் கையில் கைப்பேசியும் வேண்டாம், மதுவும் வேண்டாம். எழுந்து போவதானால், "இனி நீங்கள் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பத்து வயது அக்காவிடம் தம்பியை விட்டுச் செல்வது காவல் அல்ல, அவள் மேல் ஏற்றும் பாரம்.

காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்; கழன்றுவிடும், காற்றும் இறங்கிவிடும். நீச்சல் வகுப்புக்குப் போகிற குழந்தைக்கும் கண்காணிப்பு வேண்டும். நீல நிற நீச்சலுடை தண்ணீரோடு கலந்து தெரியாமல் போகும், ஆரஞ்சு வாங்குங்கள். குளித்து முடித்ததும் பந்தையும் பொம்மையையும் எடுத்துவிடுங்கள். மொட்டைமாடியில் வைக்கும் பிளாஸ்டிக் குளத்தை அன்றன்றே கவிழ்த்துவிடுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீரே சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002இல் வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். அதன் பிறகே, 2007இல், பாதுகாப்பான மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே வந்தது. மூடி உடைந்திருந்தால் அந்தக் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது.

கடைசியாக, நம் ஊரில் இன்றும் நடக்கும் தவறு: மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகச் சுழற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது. இதில் பொன்னான நிமிடங்கள் போகின்றன. வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாயில் புகவும் கூடும். குழந்தைக்கு அப்போது தேவை காற்று. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை ஊதுவதைத் தொடருங்கள். அதற்குள் இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம்.