முன்பணம் நம் பணம் அன்று: ஆரி வேலைத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி மாதக் கடைசியில், என்னிடம் ஆரி வேலை (துணியில் கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) கற்றுத் தொழில் தொடங்கி எட்டு மாதங்களே ஆன ஒரு பெண் தன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கையில் 14 பிளவுஸ் ஆர்டர்கள் இருக்கின்றன, ஆனால் ஜர்தோசி (வேலையில் பதிக்கும் சுருள் உலோக இழை) வாங்கக்கூடப் பணம் இல்லை, நகையை அடகு வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி. நோட்டின் முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டியதும் எனக்கு மனம் கனத்துவிட்டது. 2014இல் நான் எழுதிய நோட்டும் வரிக்கு வரி அப்படித்தான் இருந்தது.

வகுப்பு நடத்தும் நாங்கள் சங்கிலித் தையலில் தொடங்கி மணப்பெண் பிளவுஸ் வரை மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். வரும் பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது, இருக்கும் நாட்களை எப்படிப் பங்கிடுவது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. நல்ல நூல் வாங்குங்கள், படங்களை வெளிச்சத்தில் எடுங்கள் என்பன போன்றவற்றை எல்லோரும் சொல்கிறார்கள்; அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

முன்பணத்தை வருமானமாக எண்ணுவது

ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கழுத்துக்கும் கைக்கும் வேலை செய்யும் பட்டுப் பிளவுஸுக்கு 8,000 ரூபாய் பேசி, பாதியை, அதாவது 4,000 ரூபாயை, முன்பணமாக வாங்குகிறோம். ஜர்தோசி, மணி, குந்தன் கல், நூல் எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய் ஆகிறது. ஸ்டாண்டின் (துணியை இழுத்துக் கட்டும் சட்டகத்தின்) முன் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலி 3,400 ரூபாய். ஆக, பிளவுஸை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்பே 4,700 ரூபாய் வெளியே போயாக வேண்டும். வாங்கிய 4,000 ரூபாயில் நமக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை என்பதோடு, மேற்கொண்டு 700 ரூபாயை நாம்தான் போட வேண்டும். நம்முடையது என்று சொல்லத்தக்க 3,300 ரூபாய், மீதித் தொகை வந்த பிறகே வருகிறது; வாடகை, மின்கட்டணம், நம் சொந்த உழைப்புக்கான ஊதியம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கு யாருக்கும் புரியாதது அன்று. ஆனாலும் 4,000 ரூபாய் கையில் விழுந்த கணத்தில் அது சம்பாதித்த பணம்போலவே தோன்றுகிறது. 2014இல் எல்லாம் ரொக்கமாக வந்தது. நான் அதைச் சமையலறையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், பால்காரருக்கும் அதிலிருந்துதான் கொடுத்தேன், மணிக்கடைக்கும் அதிலிருந்துதான் கொடுத்தேன். இன்று யு.பி.ஐ. வழியாக வரும் முன்பணம் நேராக வீட்டுச் செலவுக் கணக்கில் போய் விழுகிறது. டப்பாவிலாவது பணம் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நடுவே ஒரு மணப்பெண்ணின் முன்பணம் கரைந்துபோவது யாருக்கும் தெரிவதில்லை.

கரைந்த பிறகு என்ன நடக்கிறது என்றால், முதல் ஆர்டருக்கு மணி வாங்க இரண்டாவது ஆர்டரின் முன்பணத்தை எடுக்கிறோம், இரண்டாவதின் கூலிக்கு மூன்றாவதின் முன்பணத்தை எடுக்கிறோம். தை முதல் ஆனி வரை முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வருவதால் புதிய ஆர்டர்களும் நிற்காமல் வந்து இந்த ஓட்டையை மறைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆடி பிறந்ததும் எல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஆவணித் திருமணத்துக்கு நாள் குறித்த குடும்பங்களில் பலரும் ஆடியில் முகூர்த்தப் புடவை எடுக்கத் தயங்குவார்கள். புடவை எடுக்காமல் பிளவுஸ் வேலைக்கு யாரும் வருவதில்லை. புதிய முன்பணம் நின்றுவிடும். ஏற்கெனவே வாங்கிய முன்பணங்களுக்கான வேலை மட்டும் அப்படியே நிற்கும்.

அந்த முதல் ஆடியில் என்னிடம் முடிக்காத ஆர்டர்கள் 11 இருந்தன. அவற்றுக்காக நான் வாங்கியிருந்த முன்பணம் 38,000 ரூபாய். டப்பாவில் இருந்தது 4,200 ரூபாய். சங்கிலியை அடகு வைத்துக் கூலியைக் கொடுத்துவிட்டேன். பொருளுக்குப் பணம் போதவில்லை. வழக்கமாக வாங்கும் கடையில் கடன் கிடையாது என்பதால், கடனுக்குக் கொடுத்த வேறொரு கடையில் என்ன கல் இருந்ததோ அதைத்தான் வாங்க முடிந்தது. ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு மணப்பெண்ணின் தாயார் வந்தார். முதுகுப் பக்கக் கழுத்திலிருந்து திருமண மேடையிலேயே உதிர்ந்த ஒன்பது கற்களைக் கைக்குட்டை முனையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "உங்க மேல நம்பிக்கை வச்சுத்தானம்மா முன்கூட்டியே பணம் கொடுத்தோம்" என்று மட்டும் சொன்னார். முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் குடும்பம் மறுபடி வரவில்லை.

ஆகவேதான், "அடுத்த ஆர்டர் வந்ததும் சரியாயிடும் அக்கா" என்று தொடக்க நிலையில் உள்ளவர்கள் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த ஆர்டர் என்பது இன்னொரு பெண்ணின் திருமணம். அவருடைய பணத்தில் இவருடைய பிளவுஸை முடிப்பது கடன் வாங்குவதைவிட மோசமானது, ஏனென்றால் கடன் கொடுப்பவருக்குத் தாம் கடன் கொடுப்பதாவது தெரியும்.

நான் பிறகு ஏற்படுத்திக்கொண்ட முறை எளிமையானது. முன்பணம் வாங்குவதற்கென்றே வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி, கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையை அந்தக் கணக்கோடு இணைத்துவிட்டேன். ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கான பொருளும் கூலியும் தவிர வேறு எதற்கும் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதில்லை. பிளவுஸை ஒப்படைத்து மீதித் தொகை வந்த பிறகே, அந்த எண்ணில் எஞ்சியது என் கணக்குக்கு மாறும். சனிக்கிழமை மாலையில் நீளமான நோட்டில் முடியாத ஆர்டர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வாங்கிய முன்பணத்திலிருந்து அதற்குச் செலவழித்ததைக் கழித்து, கடைசியில் கூட்டிப் பார்ப்பேன். அந்தக் கூட்டுத்தொகையும் வங்கி இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 200 ரூபாய் குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை.

முன்பணத்தையும் பாதியிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தினேன். மேலே சொன்ன ஆர்டருக்கு அது 4,800 ரூபாய். செலவு 4,700 ரூபாய். என் கைப்பணத்தைப் போட வேண்டிய நிலை அத்தோடு நீங்கிவிட்டது. தயங்கும் வாடிக்கையாளரிடம் பாதியை முதலிலும், கழுத்து வேலை முடிந்ததும் ஸ்டாண்டில் இருக்கும்படியே ஒரு படம் அனுப்பி இன்னொரு பத்து விழுக்காட்டையும் வாங்கிக்கொள்ளலாம். வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறுத்து நான் பார்த்ததில்லை.

படத்தைப் பார்த்து விலை சொல்வது

வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி "இது எவ்வளவு ஆகும்?" என்று கேட்டவுடன் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். படத்தில் வேலையின் அழகு தெரியுமே தவிர, அதற்குச் செல்லும் நேரம் தெரியாது. விலை கேட்கும் ஒவ்வொரு வேலையையும் முதலில் ஓர் அங்குலம் மட்டும் மாதிரித் துணியில் செய்து பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே நூல் நிரப்பி மேலே ஜர்தோசி ஏற்றும் ஒரு பார்டர் எங்களிடம் அங்குலத்துக்கு 14 நிமிடம் பிடிக்கிறது. கழுத்துச் சுற்று 32 அங்குலம், இரண்டு கையும் சேர்த்து 24 அங்குலம், ஆக 56 அங்குலம் என்றால் 784 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். புட்டாக்களை (இடையிடையே போடும் சிறு பூக்களை) தனியாக எண்ணிக் கூட்ட வேண்டும். துணியை ஸ்டாண்டில் இழுத்துக் கட்டுவதற்கும், டிரேசிங் எடுப்பதற்கும் (வடிவத்தைத் துணியில் பதிப்பதற்கும்), முடிந்தபின் நூல் முனைகளை வெட்டிச் சுத்தம் செய்வதற்கும் ஆகும் நேரத்தைப் புதியவர்களில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களுக்கு அது ஒரு பிளவுஸுக்கு மூன்று மணி நேரம்.

உறவினருக்குத் தனி விலை

எல்லோருக்கும் ஒரே விலை.

முகூர்த்த நாளை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வது

"கல்யாணம் எப்போது?" என்று கேட்டு அந்தத் தேதியை மட்டும் எழுதிக்கொண்டால், வேலை அந்தத் தேதி வரை இழுத்துக்கொண்டே போகும். எழுத வேண்டியது, வேலை முடிந்த துணி தையல்காரர் கைக்குப் போகும் நாள். தைப்பதற்கு நான்கு நாள், போட்டுப் பார்த்துத் திருத்துவதற்கு மூன்று நாள், எதிர்பாராத தடங்கலுக்கு மூன்று நாள் என்று திருமணத்திலிருந்து பத்து நாளைப் பின்னோக்கி எண்ணி அந்த நாளைக் குறிக்கிறேன். முகூர்த்தப் புடவையோடு சேர்ந்து வரும் பிளவுஸ் துணிக்கு மாற்று கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொக்கி ஊசி மாட்டி ஓர் இழை இழுபட்டுவிட்டால், அதைச் சரிசெய்யும் நாளும் அந்தப் பத்துக்குள் இருந்தாக வேண்டும்.

ஆர்டர்களை எண்ணிக்கையாகப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். என்னிடம் வேலை செய்யும் இருவரும் நாளுக்கு ஏழு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் உட்கார்ந்தால் 84 மணி நேரம் கிடைக்கும். நான் வாரத்துக்கு 65 மணி நேர வேலைக்குமேல் ஒப்புக்கொள்வதில்லை. மீதி நேரம் காய்ச்சலுக்கும், மின்தடைக்கும், குழந்தையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் எப்படியும் போய்விடுகிறது. அதை முதலிலேயே ஒதுக்கி வைத்தால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது.

கடைகளுக்குக் கடனாக வேலை செய்வது

வாடிக்கையாளர் நேரடியாக வராத மாதங்களில் பொட்டீக் எனப்படும் நவநாகரிக ஆடைக் கடைகள் கொத்தாக வேலை கொடுக்கும். முன்பணம் தராது, பணமும் சேலை விற்ற பிறகுதான் என்று சொல்லும். ஒரு கடையிடமிருந்து 17,500 ரூபாயை வாங்க நான் ஏழு மாதம் அலைந்தேன். குறு, சிறு தொழில் செய்பவருக்குச் சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். இந்த உரிமையைக் கேட்க உதயம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வேண்டும். வேலையை ஒப்படைத்த பிறகு அவசரமாகப் பதிவு செய்வதில் பயனில்லை. 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள அந்தப் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கடையோடு வேலை தொடங்கும் முன்பே, பதிவு எண்ணை அச்சிட்ட பில்லில் கெடு நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பேச்சு மிகவும் குறைந்துவிடுகிறது.

இரவில் ஜரி வேலை

எட்டு மணிக்குப் பிறகு வேண்டாம். கண் போனால் தொழிலும் போயிற்று.

ஆடிக்கு ஆளை அனுப்பிவிடுவது

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். அப்போது கூலி மிச்சம் என்று உடன் வேலை செய்பவர்களை அனுப்பிவிட்டால், ஆவணியில் அவர்கள் வேறிடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்த மாதங்களில் வாடகை 6,000 ரூபாய், இருவருக்கும் தலைக்கு 5,000 ரூபாய் என்று மாதம் 16,000 ரூபாய் தேவை. மூன்று மாதத்துக்கு 48,000 ரூபாய். மற்ற ஒன்பது மாதங்களில் மாதம் 5,333 ரூபாயை இதற்கென்று முதலில் எடுத்து வைத்த பிறகே என் ஊதியத்தை எடுத்துக்கொள்கிறேன். வேலை குறைந்த நாட்களில் ஸ்டாண்டுகளைப் பழுது பார்க்கிறோம், புதிய வேலைகளுக்கு அங்குல மாதிரி போடுகிறோம்.

நோட்டோடு வந்த அந்தப் பெண் வளையல்களை அடகு வைத்தார். அவரிடம் ஆர்டர் கொடுத்திருந்த 14 பேருக்கும் சொன்ன பொருளையே போட்டு முடிக்க அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பணத்தை இரண்டாவது கணக்கில் போட்டு, ஆர்டர் எண் வாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டார். ஆடி இரண்டாம் வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது, வெள்ளைக் காடாத் துணியில் ஆறு மாதிரிகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் நிமிடத்தை எழுதி வைத்திருந்தார். பிரெஞ்ச் நாட் (சிறு முடிச்சுத் தையல்) நிரப்பும் வேலையில் அவருக்கு அங்குலத்துக்கு என்னைவிட மூன்று நிமிடம் கூடுதலாகிறது. அதன் விலையை என் விலைக்குச் சமமாக எழுதியிருந்தார். அந்த மூன்று நிமிடத்துக்கும் சேர்த்து மாற்றி எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.